எல்டர் பூ மணப்பாகு

மே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலை ஒன்றில் நீங்கள் நடந்து செல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். சாலையின் இருபுறமும் உயிர்வேலிகள். அவற்றின் பசுமைக்கு இடையே, உள்ளங்கை அகலத்திலும் சில இடங்களில் ஒரு சிறு தட்டின் அகலத்திலும், வெண்ணெய் நிறப் பூங்கொத்துகள் மலர்ந்து நிற்கும். அருகில் சென்றால் திராட்சை, எலுமிச்சை, தேன் ஆகிய மூன்றும் கலந்தாற்போன்ற ஒரு மணம் வீசும். கையில் கூடையும் கத்தரிக்கோலுமாகச் சிலர் அந்தப் பூங்கொத்துகளை வெட்டி எடுத்துக் கொண்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டு போய், சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, அதில் ஒரு மணப்பாகு செய்வார்கள். நம் நாட்டில் நன்னாரி வேரில் செய்வதை அவர்கள் எல்டர் பூவில் செய்கிறார்கள்.

இதில் என்ன விந்தை என்கிறீர்களா? இந்தப் பூவைத் தாங்கும் செடி ஒரு நஞ்சுச் செடி! அதன் இலை, தண்டு, பட்டை, வேர், பச்சைக் காய், விதை ஆகிய எல்லாவற்றிலும் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கிறது. மணமுள்ள பூவுக்கும் நஞ்சுள்ள இலைக்கும் இடையே உள்ள தூரம் சில விரற்கடைகளே. ‘காலையில் வெயில் வந்த பின் பறி, கழுவாதே, தடித்த காம்பை நீக்கு, கொதிக்கும் நீரை ஊற்றாதே, எலுமிச்சையைக் குறைக்காதே’ என்று ஐரோப்பியப் பாட்டிமார் தம் பேத்திகளுக்குச் சொல்லி வந்தனர். இவற்றுள் ஒன்றுகூட வீண் சொல் அன்று. ஒவ்வொன்றின் பின்னும் வேதியியலோ தாவரவியலோ ஒளிந்திருக்கிறது.

மரத்தை அறிதல்

இதன் தாவரவியல் பெயர் சாம்புகஸ் நைக்ரா. ஐரோப்பா முழுவதிலும், மேற்கு ஆசியாவிலும், வட ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் தானே வளர்கிறது. புதர் என்றும் சொல்லலாம், சிறு மரம் என்றும் சொல்லலாம். 6 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை உயரும். ஆங்கிலத்தில் எல்டர் என்றால் மூத்தவர் என்றும் பொருள் உண்டு. ஆனால் இந்த மரத்தின் பெயருக்கும் முதுமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே ஒலியில் முடிந்த சொற்கள்.

இது பெரும்பாலும் மனிதர் குடியிருந்த இடங்களை அடுத்தே வளரும். பாழடைந்த வீடு, பண்ணைக் கொட்டில், குப்பைமேடு, முயல் வளை ஆகியவற்றின் பக்கத்தில் இதைத் தேடலாம். நைட்ரஜன் மிகுந்த மண் இதற்குப் பிடிக்கும். எருவும் கழிவும் விழுந்த மண்ணில் நைட்ரஜன் மிகுதி அல்லவா? முயல் வளையருகே மற்றச் செடிகளை முயல்கள் மேய்ந்து விடுகின்றன. எல்டர் இலையை மட்டும் அவை தொடுவதில்லை. எனவே மேய்ச்சலால் மொட்டையான இடத்தில் இது தனித்துச் செழித்து நிற்பதைக் காணலாம்.

நம் மாணவர்களுக்கு இந்த மரம் வேறொரு வழியில் பழக்கமானது. நிலை மின்னியல் பாடத்தில் நெட்டிப் பந்துச் சோதனையைப் படித்திருப்பீர்கள். பட்டுத் துணியால் தேய்த்த கண்ணாடித் தண்டை அருகே கொண்டு சென்றால், நூலில் தொங்கும் நெட்டிப் பந்து முதலில் ஈர்க்கப்படும். தொட்டவுடன் விலகி ஓடும். நாம் குளத்தில் வளரும் நெட்டியைப் பயன்படுத்துகிறோம். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் பயன்படுத்தியது எல்டர் மரத்தின் இளங்கிளையினுள் இருக்கும் வெண்ணிறச் சோற்றுப் பகுதியை. அது இறகு போல் எடையற்றது. மெல்லிய இலையை நுண்ணோக்கிக்காகச் சீவும்போது, அது மடங்காமல் இருக்க ஒரு காரட் துண்டின் பிளவில் செருகிக் கொள்கிறோமே, அந்த வேலைக்கும் அங்கே எல்டர் சோற்றையே வைத்திருந்தனர். கடிகாரம் பழுது பார்ப்போர்கூட நுண்ணிய அச்சுமுனைகளைத் துடைக்க இதில் குத்தி எடுப்பதுண்டு.

இனி அடையாளங்களுக்கு வருவோம். உறவினரைக் காண லண்டனுக்கோ ஜெர்மனிக்கோ செல்லும் வாசகர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் ஜூன் மாத ஐரோப்பாவில் வெள்ளைப் பூங்கொத்துகளுக்குப் பஞ்சமில்லை; அவற்றுள் ஆளைக் கொல்லக் கூடியவையும் உண்டு.

முதலில் தண்டைப் பாருங்கள். எல்டர் கட்டையுடைய மரம். முதிர்ந்த தண்டின் பட்டை தக்கை போல் தடித்து, நெடுக்கில் வெடித்திருக்கும். இளங்கிளையில் சிறு சிறு பருக்கள் போல் பட்டைத்துளைகள் தெரியும். அடுத்து இலை. வேப்பிலை போல இதுவும் கூட்டிலை. ஆனால் ஒவ்வொன்றிலும் 5 அல்லது 7 சிற்றிலைகள் மட்டுமே இருக்கும். சிற்றிலையின் ஓரம் ரம்பப் பல் போல் இருக்கும். கூட்டிலைகள் தண்டின் ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டிரண்டாகத் தோன்றும். கசக்கினால் கெட்ட வாடை வீசும். மூன்றாவதாகப் பூங்கொத்து. ஒரு காம்பின் நுனியிலிருந்து பெரும்பாலும் ஐந்து கிளைகள் பிரியும்; அவை மீண்டும் மீண்டும் கிளைத்து, எல்லாப் பூக்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தட்டையாக அமையும். ஒவ்வொரு பூவும் 5 மில்லி மீட்டர் அகலமே. அதில் ஐந்து வெண்ணிற இதழ்கள், அவற்றின் நடுவே மஞ்சள் நுனியுடைய ஐந்து மகரந்தத்தாள்கள்.

இப்போது எதிரியைப் பாருங்கள். ஹெம்லாக் என்னும் செடி நம் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சு இதுதான் என்பர். அதுவும் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளைப் பூக்களைத் தாங்கி நிற்கும். ஆனால் அது மரம் அன்று. உள்ளே குழலாக இருக்கும் பசுந்தண்டுச் செடி. வழவழப்பான தண்டில் ஊதா நிறத் திட்டுகள் காணப்படும். இலை காரட் இலை போல் நுணுக்கமாகப் பிளவுபட்டிருக்கும். அதன் பூங்கொத்தோ குடைக் கம்பிகள் போல் ஒரே புள்ளியிலிருந்து பல காம்புகளாக விரியும். கட்டை இல்லையென்றால் எல்டர் இல்லை என்ற ஒரு விதியை மனத்தில் கொண்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

மீதிப் பாதி, எல்டரின் சொந்தச் சகோதரர்களிடமிருந்து வருவது. சாம்புகஸ் எபுலஸ் என்ற குட்டை எல்டர் ஆண்டுதோறும் நிலமட்டம் வரை பட்டுப் போய் மீண்டும் முளைக்கும், அதன் மகரந்தப் பைகள் செவ்வூதா நிறமானவை, நஞ்சு மிகுந்தது. சிவப்புக் கனி தரும் சாம்புகஸ் ரேசிமோசாவின் பூங்கொத்து தட்டையாக இராது, கூம்பாக இருக்கும். அதன் கிளையை ஒடித்தால் உள்ளே இருக்கும் சோறு பழுப்பு நிறம். நம் எல்டருக்கோ வெண்மை.

ஒரே செடியில் நஞ்சும் மணமும்

எல்டர் இலையில் உள்ள நஞ்சுப் பொருளின் பெயர் சாம்புநைக்ரின். இது சர்க்கரை மூலக்கூறு ஒன்றோடு பிணைந்த ஒரு கிளைக்கோசைடு. அப்படியே இருக்கும்வரை அது பெரும் தீங்கு செய்வதில்லை. இலைச் செல்லினுள் கிளைக்கோசைடு ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு விலங்கு இலையைக் கடித்து மென்றால் அறைச்சுவர்கள் உடைகின்றன. நொதியும் கிளைக்கோசைடும் சந்திக்கின்றன. முதலில் சர்க்கரை பிரிகிறது. மீதமுள்ள பகுதி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பென்சால்டிஹைடு ஆகிறது. மறு பாதி ஹைட்ரஜன் சயனைடு. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே அடைத்துவிடும் கொடிய நஞ்சு இது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. மரவள்ளிக் கிழங்கிலும் இதே முறையில்தான் லினமரின் என்ற கிளைக்கோசைடு வேலை செய்கிறது. தோலை உரித்து, ஊற வைத்து, நன்கு வேகவைத்து, வடித்த நீரைக் கொட்டி விடுகிறோம் அல்லவா? ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி சென்டிகிரேடு மட்டுமே. ஆகவே தோன்றிய சயனைடு சூட்டில் எளிதில் ஆவியாகிப் போய்விடும்.

1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவின் மான்டரே வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி மருத்துவ ஏடுகளில் பதிவாகி உள்ளது. ஒரு குழுவினர் கூடிய இடத்தில், அங்கு வளரும் எல்டர் வகை ஒன்றின் கனிகளைப் பிழிந்து சாறு எடுத்தனர். கனிகளை உதிர்க்கவில்லை, இலையும் கிளையுமாகவே சேர்த்து நசுக்கினர். ஆப்பிள் சாறும் சர்க்கரையும் கலந்து பரிமாறினர். குடித்த சிறிது நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, தலைசுற்றல். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. நல்ல வேளையாக அனைவரும் பிழைத்தனர். அந்தச் சாற்றைச் செய்தவர்கள் தவறான செடியை எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான செடியின் தவறான பகுதியைச் சேர்த்ததே விபரீதமாயிற்று.

அப்படியானால் பூ? பூவிலும் சாம்புநைக்ரின் மிகச் சிறிதளவு உண்டு. ஆனால் இலையில் உள்ளது அதைவிடப் பன்மடங்கு. எனவே பூவைப் பயன்படுத்துவோர் செய்ய வேண்டியது எளிது. ஓர் இலைகூடக் கூடைக்குள் விழாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். தடித்த பச்சைக் காம்பைக் கத்தரித்து எறிந்துவிட வேண்டும். பூக்களைத் தாங்கும் நூல் போன்ற காம்புகளை முழுவதும் நீக்க இயலாது, தேவையும் இல்லை. கனிகளைப் பொறுத்தவரை, நன்கு கறுத்துப் பழுத்தவற்றை மட்டும் உதிர்த்து, வேகவைத்தே உண்ண வேண்டும். பச்சையாகத் தின்னக் கூடாது. இளங்கிளையின் சோற்றைத் தள்ளிவிட்டால் அழகான ஊதுகுழல் கிடைக்கும். சிறுவர்களுக்கு அதில் ஆசை எழுவது இயற்கை. ஆனால் அதை வாயில் வைக்க விடலாகாது.

மணம் எங்கிருந்து வருகிறது?

எல்டர் பூவின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. பல டஜன் ஆவியாகும் பொருள்களின் கூட்டு. அவற்றுள் முதன்மையானவை டெர்பீன் இனத்தைச் சேர்ந்தவை. லினலூல், அதன் ஆக்சைடுகள், ஹோட்ரையினால், ரோஜா ஆக்சைடு ஆகியவற்றை இதில் கண்டுள்ளனர். லினலூலை உங்கள் மூக்கு நன்கு அறியும்! கொத்தமல்லி விதையை இடிக்கும்போது எழும் மணத்துக்கு அதுவே முதற் காரணம். ரோஜா ஆக்சைடு, பெயருக்கேற்ப ரோஜாப் பூவிலும், லிச்சிப் பழத்திலும் உள்ளது. மஸ்கட் என்ற மண முள்ள திராட்சையிலும் இதே பொருள்கள் இருக்கின்றன. முற்காலத்தில் சில வியாபாரிகள் மட்டமான திராட்சை மதுவில் எல்டர் பூவை ஊற வைத்து அதை மஸ்கட் மது போல் மணக்கச் செய்தனர் என்றால் வியப்பில்லை. வேதியியல் அவர்களுக்குத் தெரியாது, மூக்கு தெரியும்.

ஆவியாகும் பொருள் என்றாலே அது நில்லாத பொருள். எப்போது பறிப்பது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. மழை பெய்து முடிந்தவுடன் பறித்தால் மகரந்தமும் அதோடு சேர்ந்த மணமும் கழுவப்பட்டிருக்கும். பனித்துளி காயாத விடியற்காலையிலும் அப்படியே. இரண்டொரு நாள் மழையின்றி வெயில் அடித்த பின், பனி உலர்ந்த முற்பகல் வேளையே சிறந்தது. கொத்தில் பெரும்பாலான பூக்கள் விரிந்து, சில மொட்டுகள் இன்னும் மூடியிருக்க வேண்டும். தட்டினால் மஞ்சள் மகரந்தம் கையில் உதிர வேண்டும். இதழ் பழுப்பேறத் தொடங்கிவிட்டால் அந்தக் கொத்தை விட்டுவிடுங்கள். முதிர்ந்த பூவின் மணம் மாறி, பூனையின் சிறுநீர் வாடை தலைகாட்டும். ஒரே ஒரு கெட்ட கொத்து பாகு முழுவதையும் கெடுக்கும். மரத்துக்கு மரமும் மணம் வேறுபடும். பறிக்கும் முன் முகர்ந்து பார்ப்பதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது.

பறித்த பூவைக் கழுவக் கூடாது என்பதற்கும் காரணம் மகரந்தமே. கொத்தைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறினால் போதும். மகரந்தத்தை நாடி வந்த சிறு வண்டுகளும் ஈக்களும் விழுந்துவிடும். கழுவ முடியாது என்பதனாலேயே வாகனப் போக்குவரத்து மிகுந்த சாலையோர மரங்களையும், பூச்சி மருந்து தெளித்த வயலை ஒட்டிய மரங்களையும் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைப்பதும் தவறு. பறித்த பின்னும் பூ சுவாசிக்கிறது. மூடிய பையில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அரை மணியிலேயே வாடத் தொடங்கும். கூடையோ துணிப்பையோ நல்லது. வீட்டுக்கு வந்ததும் அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

யாருடைய பூ?

வேலியோரத்தில் தானே வளர்ந்த மரத்தின் பூ யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் இந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது. தானாக வளர்ந்த செடியிலிருந்து பூவோ கனியோ இலையோ பறிப்பவர், அந்த நிலம் தமக்குச் சொந்தமில்லாவிட்டாலும், திருடியவர் ஆகமாட்டார். விற்பதற்காகப் பறித்தால் மட்டுமே திருட்டு. செடியை வேரோடு பிடுங்குவது வேறு விஷயம். நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி அப்படிச் செய்வதை 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் தடுக்கிறது. ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டமும் சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில், ஒரு கைப்பிடிக் கொத்து என்ற கணக்கில், பறிக்க இடம் தருகிறது. தொழிற்சாலைகளின் நிலை வேறு. 1984-இல் இங்கிலாந்தின் பெல்வாயர் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பம் வீட்டுப் பக்குவத்தில் இந்த மணப்பாகைச் செய்து விற்கத் தொடங்கியது. இன்று அது பெரிய நிறுவனம். தோட்டத்தில் வளர்த்த பூவோடு, பருவகாலத்தில் ஊர் மக்கள் பறித்துக் கொண்டு வரும் பூவையும் எடைபோட்டு வாங்குகிறது. அப்படி விற்கப் பறிப்பவர் நில உரிமையாளரைக் கேட்டாக வேண்டும்.

சட்டம் கேட்காத கணக்கு ஒன்று உண்டு. இன்று பறித்த கொத்தில் நாளை கனி இல்லை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் எல்டர் கனிகள் கறுத்துத் தொங்கும்போது, நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவையும், பிளாக்பேர்டும், குளிர்காலத்துக்கு முன் தெற்கே பறந்து செல்லும் வேறு பல சிறு பறவைகளும் அவற்றை ஆவலோடு தின்னும். விதைகள் எச்சத்தோடு விழுந்து புதிய இடங்களில் முளைக்கும். எனவே ஒரே மரத்தை மொட்டையடிக்காமல், மரத்துக்கு நாலைந்து கொத்தாகப் பல மரங்களில் பறிப்பதே முறை. 25 கொத்துகள் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பாகு கிடைத்துவிடும். அதற்கு மேல் பறிப்பது பேராசை என்றே சொல்வேன்.

டென்மார்க்கில் இந்த மரத்தில் எல்டர் அன்னை குடியிருப்பதாகவும், அவளைக் கேளாமல் கிளையை வெட்டக் கூடாது என்றும் மக்கள் நம்பினர். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1840-களில் எழுதிய ஒரு கதையில், சளி பிடித்த சிறுவனுக்காகத் தாய் எல்டர் பூத் தேநீர் வைக்கிறாள். தேநீர்க் குடத்திலிருந்தே மரம் முளைத்து, அதன் நடுவே அந்த அன்னை வீற்றிருக்கிறாள்.

செய்முறை

தேவையானவை: பெரிய பூங்கொத்துகள் 25, தண்ணீர் ஒன்றரை லிட்டர், சர்க்கரை 2 கிலோ, எலுமிச்சை 3 (ஐரோப்பியப் பெரிய எலுமிச்சை, நம் நாட்டுச் சிறு எலுமிச்சையானால் இரு மடங்கு), சிட்ரிக் அமிலம் 60 கிராம்.

தண்ணீரைச் சூடாக்கிச் சர்க்கரையைக் கரையுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 2 கிலோ சர்க்கரை கரையுமா என்று ஐயுற வேண்டாம். அறை வெப்பத்திலேயே 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையக் கூடியது. கரைந்த ஒவ்வொரு கிலோவும் 600 மில்லி லிட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிப்பதால் முடிவில் ஏறத்தாழ இரண்டே முக்கால் லிட்டர் பாகு சேரும். பாத்திரத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். அலுமினியம் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி நல்லது.

பாகை அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். பலர் பொறுமையின்றிக் கொதிக்கக் கொதிக்கப் பூவின் மேல் ஊற்றிவிடுகிறார்கள். லினலூலின் கொதிநிலை 198 டிகிரி அளவில் இருந்தாலும், நீராவியோடு சேர்ந்து அதற்கு வெகு கீழேயே அது பறந்துவிடும். சமையலறை முழுவதும் கமகமவென்று மணத்தால், அவ்வளவு மணமும் புட்டிக்குள் போகாமல் காற்றில் போய்விட்டது என்று பொருள். சூட்டில் பூ வெந்து, வேகவைத்த கீரையின் வாடையும் தட்டும்.

ஆறிய பாகில் எலுமிச்சையின் மஞ்சள் தோலைச் சீவிப் போட்டு, பழத்தை வில்லைகளாக அரிந்து சேர்த்து, சிட்ரிக் அமிலத்தைக் கலக்குங்கள். பிறகு, காம்பு நீக்கிய பூக்களை அமிழ்த்துங்கள். பூக்கள் மேலே மிதக்கும். ஒரு தட்டை வைத்து அழுத்துவது நலம். ஏனென்றால் காற்றுப் படும் பூ பழுப்பாகிவிடும். நறுக்கிய கத்தரிக்காயை ஏன் தண்ணீரில் போடுகிறோம்? அதிலுள்ள பீனால் பொருள்களை ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்த்து நிறம் மாற்றிவிடுவதைத் தடுக்கத்தான். எல்டர் பூவிலும் குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனால் பொருள்கள் மிகுதி. அமிலம் மிகும்போது அந்த நொதியின் வேகம் குறைகிறது. எலுமிச்சை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று என்பது இப்போது விளங்கும்.

மூடி, குளிர்ந்த இடத்தில் 24 மணி நேரம் ஊற விடுங்கள். ஒருநாளில் மணப் பொருள்களில் பெரும்பகுதி இறங்கிவிடும். மூன்று நான்கு நாள் விட்டால் மணம் கூடுவதில்லை. காம்பின் கசப்புத்தான் கூடும். பிறகு மெல்லிய மல் துணியில் வடிகட்டுங்கள். பூவைப் பிழிய வேண்டாம். தானாக வடிந்தது தெளிவாக இருக்கும்.

எவ்வளவு நாள் கெடாது?

உப்பில் ஊறிய நார்த்தங்காயும் பாகில் ஊறிய நெல்லிக்காயும் கெடுவதில்லை. செறிந்த கரைசல் நுண்ணுயிரின் உடலிலிருந்து நீரைச் சவ்வூடு பரவலால் வெளியே இழுத்துவிடுகிறது. தாகத்தால் அது வளர முடியாமல் போகிறது. ஆனால் நம் பாகில் சர்க்கரையின் பங்கு எடையில் 57 சதவீதம். மருந்தகங்களில் செய்யும் எளிய பாகிலோ அது ஏறத்தாழ 67 சதவீதம். பாக்டீரியாக்களை அடக்க 57 போதும். சில ஈஸ்டுகளும் பூஞ்சைக் காளான்களும் இதற்கு மசிவதில்லை. அமிலம் இங்கே இரண்டாவது காவலாளியாக நிற்கிறது. சிட்ரிக் அமிலம் பாகின் பி.எச். அளவை 3-க்கு அருகில் கொண்டு வருகிறது. கொடிய உணவு நஞ்சைத் தோற்றுவிக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் 4.6-க்குக் கீழே வளர இயலாது. மூன்றாவது காவல் குளிர். கொதிநீரில் சுத்தம் செய்த புட்டிகளில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் நன்றாக இருக்கும். வடிகட்டிய பாகை 80 டிகிரி வரை சூடேற்றிப் புட்டியில் அடைத்தால் மேலும் சில மாதம் தாங்கும். மணத்தில் ஒரு பங்கை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். உறைய வைப்பதே சிறந்தது என்பது என் கருத்து. உறையும்போது நீர் விரிவடையும் ஆதலால், புட்டியின் கழுத்து வரை நிரப்பலாகாது.

சர்க்கரையைக் குறைத்தால் என்ன ஆகும்? சிலர் உடல் நலம் கருதியும், சிலர் சிக்கனம் கருதியும் இப்படிச் செய்கிறார்கள். பூவோடு கூடவே காட்டு ஈஸ்டுகள் வந்திருக்கின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கரைசல் நீர்த்துப் போனதும் அவை விழித்துக்கொண்டு சர்க்கரையைச் சாராயமாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றத் தொடங்கும். இதையே வேண்டுமென்று செய்து குடிப்போரும் உண்டு. ருமேனியாவில் சொகாட்டா என்ற பெயரில், எல்டர் பூவும் எலுமிச்சையும் சர்க்கரை நீரில் சில நாள் லேசாகப் பொங்கிய பானம் வீடுதோறும் செய்யப்படுகிறது. இங்கிலாந்தில் இத்தகைய பொங்கும் பானத்துக்கு எல்டர் பூ ஷாம்பெயின் என்று பேர். இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்து நிறுவனம் ஒன்று சாராயம் இல்லாத பானத்துக்கு இப்பெயரிட்டு விற்றபோது, பிரான்ஸின் ஷாம்பெயின் தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1993-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பெயரில் விற்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. வீட்டில் செய்பவர்கள் இன்றும் அப்படியே அழைக்கிறார்கள்.

பெயரில் உள்ள சிக்கலைவிடப் புட்டியில் உள்ள ஆபத்து பெரிது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் பானத்தில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகும். அது மூடிய புட்டியில் சுமார் 1 வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டும். உண்மையான ஷாம்பெயினில் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை சேர்த்து 6 வளிமண்டல அழுத்தத்தைப் பெறுகிறார்கள். இது மோட்டார் கார் டயரின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்காகவே அந்தப் புட்டிகளைத் தடித்த கண்ணாடியில் வார்க்கிறார்கள். வீட்டுப் பானத்திலோ 5 லிட்டர் நீருக்கு 700 கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். அதாவது லிட்டருக்கு 140 கிராம். அவ்வளவும் மூடிய புட்டிக்குள் நொதித்தால் அழுத்தம் 35 வளிமண்டலம் ஆகும்! எந்தச் சாதாரணப் புட்டி தாங்கும்? நடுநிசியில் அலமாரியில் கண்ணாடிச் சில்லுகள் சிதறிய கதைகள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இதைச் செய்பவர்கள் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, அது விறைக்கும்போதெல்லாம் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுகிறார்கள்.

எல்டர் பூத் தேநீர் சளிக்கும் காய்ச்சலுக்கும் நல்லது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் மிகப் பழமையானது. ஐரோப்பிய மருந்துகள் முகமை இதைத் தடுமனின் தொடக்க நிலைக்கான மரபு மருந்தாக ஏற்றிருக்கிறது. நெடுங்காலமாக வழக்கில் உள்ளது என்ற அடிப்படையிலேயே இந்த ஏற்பு தரப்பட்டது. ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாகாகக் குடிக்கும்போது பூவைவிடச் சர்க்கரையே அதிகமாக உள்ளே போகிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதை மருந்தென்று எண்ணிவிட வேண்டாம்.

பாகு ஒரு பங்குக்குக் குளிர்ந்த நீர் எட்டுப் பங்கு என்பது பொதுவான அளவு. சோடா கலந்தால் மணம் இன்னும் தூக்கலாகத் தெரியும். குமிழிகள் உடையும்போது ஆவியாகும் பொருள்களை மூக்கருகே கொண்டு வந்து விடுகின்றன. 2018-ஆம் ஆண்டு மே மாதம் நடந்த இளவரசர் ஹாரியின் திருமணத்துக்குச் செய்த எலுமிச்சைக் கேக்கில் சேர்த்ததும் இந்தப் பாகுதான். சாண்டிரிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்துப் பூவில் செய்தது. ஜூன் மாதத்தில் அங்கே கூஸ்பெரி என்னும் புளிப்புக் காய் பழுக்கும். அதை வேகவைக்கும் பாத்திரத்தில், கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இரண்டு எல்டர் பூங்கொத்தைத் துணியில் முடிந்து போட்டு எடுத்துவிடுவார்கள். காய் முழுவதும் மஸ்கட் திராட்சையின் மணம் ஏறியிருக்கும்.